மலிவு விலை இன்டர்நெட் பெட்டியைக் கழற்றி மாற்றலாமா? அதற்கு முன் ஒரு கேள்வி: பெட்டி யாருடையது?

சாயங்காலம் ஆறரை மணி. குப்பத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூரு ஆபீசுக்கு வேலை பார்க்கிறீர்கள். கரண்ட் போகிறது. இன்வெர்ட்டர் உடனே பிடித்துக்கொள்கிறது. ஃபேன் நிற்கவில்லை, லேப்டாப்பும் ஓடுகிறது. ஆனால் மூலையில் இருக்கும் இன்டர்நெட் பெட்டி மட்டும் ஒரு முறை கண்ணை மூடித் திறக்கிறது. அது மறுபடி உயிர் பெற்று இணைப்பு வருவதற்குள் சில நிமிடங்கள் போய்விடும். மீட்டிங்கில் எல்லோரும் உங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

"இந்தப் பெட்டியைத் திறந்து உள்ள ஒரு பேட்டரி வச்சுட்டா என்ன?" என்று அப்போது தோன்றும். தெரிந்த ஒருவர் "ஆன்டெனாவை மாத்துங்க, பக்கத்துத் தெரு வரைக்கும் வரும்" என்பார். இன்னொருவர் "சாஃப்ட்வேரையே மாத்திடலாம், நான் பண்ணித் தர்றேன்" என்பார். மூவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். மூன்றுக்கும் விலை மட்டும் வேறு வேறு.

இப்படிப்பட்ட பெட்டிகளை மாற்றி அமைப்பதன் தொழில்நுட்பம், சட்டம், ஆபத்து ஆகியவற்றை இங்கே பார்க்கலாம். குப்பத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சித்தூர் மாவட்டத்தின் ஓரத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், கடைத்தெருவில் மூன்று மொழியும் கேட்கும் இந்த ஊர், மலிவான தொழில்நுட்பத்தைப் பரிசோதித்துப் பார்க்கும் களமாக ஒரு முறைக்கு மேல் இருந்திருக்கிறது.

விலை ஏன் இவ்வளவு குறைவு?

2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த், ஆந்திர அரசின் ஃபைபர் கிரிட் திட்டத்தின் முதல் கட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாதம் 149 ரூபாய்க்கு டிவி, இன்டர்நெட், போன் மூன்றும் ஒரே இணைப்பில் என்பதுதான் அதன் அறிவிப்பு. அதே ஆண்டு ஜூலையில் ஜியோபோன் அறிவிக்கப்பட்டது. அதற்கு 1,500 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் அது விலை இல்லை, திருப்பித் தரப்படும் வைப்புத் தொகை என்றார்கள். போன் வேறு கம்பெனி சிம்மை ஏற்காது.

இந்தக் கணக்கு எளிது. ஒரு பொருள் அதன் அடக்க விலையைவிடக் குறைவாக உங்கள் கைக்கு வந்தால், மீதியை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அரசு மானியமாக இருக்கலாம். வருங்காலத்தில் நீங்கள் கட்டப்போகும் மாதச் சந்தாவாக இருக்கலாம். அந்த மீதியைக் கொடுத்தவர், பெட்டி தான் நினைத்த வேலையை மட்டும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பெட்டியின் அடியில் இருக்கும் ஸ்டிக்கர், திறக்க முடியாத திருகு, பூட்டிய சாஃப்ட்வேர் எல்லாம் அந்த எதிர்பார்ப்பின் வடிவங்கள்தான்.

அந்த எதிர்பார்ப்பு உடைந்தால் என்ன ஆகும்? கால் நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இதற்குச் சரியான உதாரணம்.

99 டாலர் பெட்டியும் பீட்சா பட்டனும்

டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நெட்பிளயன்ஸ் என்ற கம்பெனி 1999ல் 'ஐ-ஓப்பனர்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கான இன்டர்நெட் பெட்டி அது. 10 அங்குல எல்சிடி திரை, ஒரு கீபோர்டு, டெலிபோன் வயரில் செருகும் மோடம், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் கிடையாது. 16 எம்பி ஃபிளாஷ் நினைவகத்தில் கியூஎன்எக்ஸ் என்ற இயங்குதளம். கீபோர்டில் பீட்சா ஆர்டர் செய்வதற்கென்றே தனியாக ஒரு பட்டன் இருந்தது. அந்தக் காலத்து டாட் காம் மயக்கத்தைப் புரிந்துகொள்ள அந்த ஒரு பட்டன் போதும்.

விலை 99 டாலர் வரை இறங்கியது. தயாரிக்க ஆன செலவு அதைவிட மிக அதிகம். எல்சிடி திரை மட்டும் தனியாக வாங்கினாலே அந்த விலைக்குக் கிடைக்காத காலம் அது. மாதம் 21.95 டாலர் சந்தா வரும், அதில் நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்பதுதான் கம்பெனியின் கணக்கு. ஆனால் பெட்டியை வாங்கியவர் சந்தா எடுத்தே ஆக வேண்டும் என்று ஆரம்பத்தில் கட்டாயப்படுத்தவில்லை.

2000 மார்ச்சில் லாஸ் வேகாஸில் சூதாட்ட இயந்திரத் துறையில் வேலை பார்த்த பொறியாளர் கென் செக்லர் இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒரு சாதாரண பிசி. 180 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும் வின்சிப் பிராசசர், 32 எம்பி ரேம். முக்கியமாக, மதர்போர்டில் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கைச் செருகும் இடம் இருந்தது. பின்களின் வரிசை மட்டும் வழக்கத்துக்கு மாறாகத் திருப்பி இருந்தது. அதற்கு ஏற்ற கேபிள் ஒன்றை அவர் செய்தார். ஹார்ட் டிஸ்க்கை மாட்டினார். 99 டாலர் பெட்டி முழுக் கம்ப்யூட்டர் ஆனது.

செய்தி பரவியதும் கடைகளில் பெட்டி தீர்ந்துபோனது. வாங்கியவர்களில் பலர் சந்தா எடுக்கவில்லை. நெட்பிளயன்ஸ் பங்குச் சந்தைக்குள் நுழைந்ததும் அதே மார்ச் மாதம்தான். கம்பெனி அவசர அவசரமாக விற்பனை நிபந்தனைகளை மாற்றியது; புதிதாக வந்த பெட்டிகளில் பின்களை வெட்டியது, பயாஸ் சிப்பின் மேல் பசை ஊற்றி ஒட்டியது. அதையும் தாண்ட வழி கண்டுபிடித்தார்கள். ஓராண்டுக்குள் அந்த வியாபாரமே முடிந்தது. விளம்பரத்தில் முழு விவரம் சொல்லவில்லை என்ற புகாரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 2001ல் 1,00,000 டாலர் கட்டி கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

கதை இதோடு முடியவில்லை. அதே கம்பெனி டிப்பிங்பாயின்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு நெட்வொர்க் பாதுகாப்புத் தொழிலுக்குப் போனது. 2007ல் கனடாவின் வான்கூவரில் தொடங்கிய 'போன்டூஓன்' ஹேக்கிங் போட்டியில், புதிய ஓட்டையைக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்தது இந்த டிப்பிங்பாயின்ட்தான். தன் பெட்டியை உடைத்தவர்களிடம் தோற்ற கம்பெனி, உடைப்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் கம்பெனியாக மாறிவிட்டது.

எதிர்த்துப் பிழைத்ததா, ஏற்றுப் பிழைத்ததா?

ஐ-ஓப்பனர் வந்த மூன்றே ஆண்டுகளில் இன்னொரு மலிவான பெட்டி வந்தது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டர். நீலமும் கறுப்பும் கலந்த, இரண்டு கொம்பு ஆன்டெனா கொண்ட அந்தப் பெட்டியைப் பழைய ஆபீஸ்களில் இன்னும் பார்க்கலாம். அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று 2003ல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி மூல நிரலை வெளியிட்டாக வேண்டும். கேள்வி எழுந்தது, கம்பெனி வெளியிட்டது. அந்த நிரலிலிருந்துதான் இன்று உலகம் முழுக்க ரவுட்டர்களில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ஆர்வலர்கள் போர்டில் வயர் சால்டர் செய்து எஸ்டி கார்டு கூட மாட்டினார்கள்.

2005ல் லிங்க்சிஸ் அதே மாடலில் நினைவகத்தைப் பாதியாக வெட்டிச் செலவைக் குறைத்தது. லினக்ஸும் போனது. ஆனால் அதே ஆண்டு, பழைய அளவு நினைவகத்தோடு லினக்ஸ் ஓடும் இன்னொரு மாடலைத் தனியாக விற்பனைக்கு விட்டது. "மாத்தணும்னா இதை வாங்கிக்கோங்க" என்று சொல்லாமல் சொன்ன மாதிரி. பத்து ஆண்டுகள் கழிந்தும் அந்த மாடல் விற்றுக்கொண்டிருந்தது. ஐ-ஓப்பனரோடு இதற்குள்ள வித்தியாசம் ஒன்றுதான். லிங்க்சிஸ் பெட்டியை நஷ்டத்துக்கு விற்கவில்லை. வாங்கியவர் அதை என்ன செய்தாலும் கம்பெனிக்குப் பணம் வந்துவிட்டது.

இந்தியாவில் அந்த நீலப் பெட்டிக்கு ஒரு மறுபிறவி கிடைத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கட்டடத்துக்கு வெளியே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு அனுமதித்தது. உடனே இமாச்சலப் பிரதேசத்தின் தரம்சாலாவில், பின்னாளில் ஏர்ஜல்தி என்று பெயர் பெற்ற குழு, இதே மலிவு ரவுட்டர்களை மாற்றி மலை முழுக்க ஒரு வைஃபை வலையைப் பின்னியது. வீட்டுக்குள் மேஜை மேல் வைக்கச் செய்த பெட்டி, மழை புகாத உறைக்குள் அடைக்கப்பட்டு, சோலார் பேனலோடு சேர்ந்து மலை உச்சிக்குப் போனது. அங்கே அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தவற்றில் ஒன்று குரங்குகள். ஆன்டெனாவைப் பிடித்துத் தொங்கினால் எந்த சாஃப்ட்வேர்தான் தாங்கும்?

குப்பத்துப் பெண்களின் தோளில் சோலார்

தரம்சாலாவுக்கும் முன்பே குப்பத்தில் இது மாதிரி ஒன்று நடந்தது. 2002ல் ஹெச்பி நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்ற மூன்று ஆண்டுத் திட்டத்தைத் தொடங்கின. அப்போது முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி இது. கிராமங்களில் இன்டர்நெட் வசதியோடு தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் மொகலக்வேனாவிலும் இதே போன்ற திட்டம் நடந்தது.

அதில் அதிகம் பேசப்பட்டது கம்ப்யூட்டர் மையம் இல்லை, நடமாடும் போட்டோ ஸ்டூடியோ. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு டிஜிட்டல் கேமராவும் கையடக்கமான போட்டோ பிரின்டரும் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு, அரசு விண்ணப்பம், கல்யாணம், காதுகுத்து என்று போட்டோ தேவைப்படாத வீடு ஏது? ஸ்டூடியோவோ தொலைவில். ஆனால் பிரின்டரைச் செருக கிராமத்தில் கரண்ட் நிலையாக இல்லை. எனவே பொறியாளர்கள் பிரின்டரின் மூளையைத் தொடவில்லை. அதன் சாப்பாட்டை மாற்றினார்கள். சுருட்டி எடுத்துப் போகக்கூடிய சோலார் பேனல், ஒரு பேட்டரி, இரண்டையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை எழுதின. ஆனால் பிரின்டருக்குப் போடும் காகிதமும் இங்க்கும் கம்பெனிப் பொருள். சோலாரை வைத்துக் கரண்டுக்கு மாற்று கண்டுபிடிக்கலாம், இங்க்குக்கு முடியாதே. மலிவாகக் கிடைத்த கருவியின் உண்மையான விலை எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். இதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை. ஐ-ஓப்பனரைச் செய்த நெட்பிளயன்ஸ், டிப்பிங்பாயின்ட் ஆகி, 2005ல் 3காம் கைக்குப் போய், 2010ல் 3காமோடு சேர்த்து இதே ஹெச்பியின் கைக்கு வந்தது.

தேனி சொன்ன பாடம்: எதிரி வோல்டேஜ்

கிராமத்தில் இன்டர்நெட் பெட்டி ஏன் சாகிறது என்பதைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரக் கிராமங்களில் கண் பரிசோதனை மையங்கள் வைத்திருக்கிறது. அங்கிருக்கும் நோயாளியை, தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்க்க வேண்டும். இரண்டாயிரத்தின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு இதற்கு வைஃபையையே பயன்படுத்தியது. வீட்டுக்குள் சில பத்து மீட்டர் போகும் வைஃபையைப் பல கிலோமீட்டர் தூரம் அனுப்பினார்கள்.

அதற்கு ஆன்டெனாவை மாற்றினால் மட்டும் போதாது. வைஃபையில் ஒரு பக்கம் தகவல் அனுப்பினால் மறு பக்கம் "வந்து சேர்ந்தது" என்று உடனே பதில் சொல்ல வேண்டும். தூரம் கூடினால் அந்தப் பதில் வரத் தாமதமாகும். பதில் வரவில்லை என்று நினைத்து அனுப்பியதையே மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். எனவே இரண்டு முனையும் முறைவைத்துப் பேசும்படி அந்த விதிமுறையையே மாற்றி எழுதினார்கள். வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடியது.

ஆனால் தூரத்தை ஜெயித்த பிறகும் பெட்டிகள் செத்துக்கொண்டே இருந்தன. அரவிந்த், ஏர்ஜல்தி இரண்டு இடங்களின் அனுபவத்தையும் சேர்த்து 2008ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கிராமத்துக் கரண்டை அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சில சமயம் 70க்குக் கீழே இறங்குகிறது, சில சமயம் 350க்கு மேல் ஏறுகிறது. ஒரு கணத்துக்கு 1,000 வோல்ட் வரை தாவும் அதிர்வுகளும் உண்டு. அடாப்டர் எரிகிறது, போர்டு எரிகிறது, ஃபிளாஷ் கார்டில் இருப்பது அழிகிறது.

ஏற்றத்தைவிட இறக்கம் தந்திரமானது. கரண்ட் முழுக்கப் போனால் பெட்டி அணைந்து, வந்ததும் ஒழுங்காக எழுந்துவிடும். அரைகுறையாக வோல்டேஜ் வந்தால், பிராசசர் பாதி உயிரோடு மாட்டிக்கொள்ளும். விளக்கு எரியும், வேலை நடக்காது. யாராவது போய் பிடுங்கிச் செருகும் வரை அப்படியே நிற்கும். அதனால் அவர்கள் சேர்த்த முக்கியமான ஹார்டுவேர், வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சிறிய சர்க்யூட். பெட்டியை ஓட வைப்பதற்கு அல்ல, சரியான நேரத்தில் நிறுத்துவதற்கு.

சரி, உங்கள் வீட்டுப் பெட்டிக்கு என்ன செய்யலாம்?

குப்பம், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, எங்கே இருந்தாலும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படும் ஒரே மாற்றம் பேட்டரிதான். அதற்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மாற்றம் அடாப்டர் பின்னுக்கு வெளியே நடக்கிறது. இது நல்ல சேதி, ஏனென்றால் பெட்டி உங்களுடையதாக இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

அடாப்டரின் மேல் '12 வோல்ட், 1 ஆம்பியர்' என்று இருந்தால் அது தரக்கூடிய உச்ச அளவு 12 வாட். பெட்டி உண்மையில் எடுப்பது பெரும்பாலும் 5 முதல் 8 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட, யுபிஎஸ்ஸில் வரும் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 84 வாட் மணி இருக்கும். பேட்டரி நீண்ட நாள் உழைக்கப் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 42. எட்டு வாட் பெட்டி ஐந்து மணி நேரம் ஓடும். வழக்கமான பவர் கட்டுக்குத் தாராளம்.

'12 வோல்ட்' பேட்டரியில் எப்போதும் 12 வோல்ட் இருக்காது என்பதுதான் இதில் பலர் தவறும் இடம். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், தீரும்போது 11க்குக் கீழே வரும். பெட்டியின் உள்ளே நுழைவாயிலில் இருக்கும் கெப்பாசிட்டர் 16 வோல்ட் தாங்கும் ரகமாக இருந்தால் 14.4 என்பது விளிம்பு. இடையில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் ஒரு சின்ன டிசி மாட்யூல் போட்டால் கவலை இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். ஷார்ட் ஆனால் அந்தச் சின்னப் பேட்டரி வயரைச் சிவக்கக் காய்ச்சும். 11 வோல்ட்டில் தானாகத் துண்டிக்கும் சர்க்யூட்டும் வேண்டும். தேனி பாடம்.

பின்னின் நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்று அடாப்டரின் மேல் ஒரு சின்னப் படம் இருக்கும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள். "பின் சரியா உட்காருதே" என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது. இதை எழுதுபவர் ஒரு முறை பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை அந்த நம்பிக்கையில்தான் ரவுட்டரில் செருகினார். ஒரு 'டப்' சத்தம், கொஞ்சம் கருகல் வாசனை, அடுத்த நாள் புது ரவுட்டர்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ரவுட்டருக்கென்றே 'மினி யுபிஎஸ்' ரெடிமேடாக விற்கிறது. நேர்மையாகச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து லித்தியம் செல்களை உருவி எடுத்து, பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் கோத்து ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரி செத்தால் சும்மா கிடக்கும், லித்தியம் தீப்பிடிக்கும்.

பணம் போடுமுன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். கரண்ட் போனபோது உங்கள் பெட்டிக்கு மட்டும் உயிர் இருந்து பயனில்லை. ஃபைபர் இணைப்பில் தெருக் கம்பத்தில் இருக்கும் பிரிப்பான்களுக்குக் கரண்ட் தேவையில்லை; ஆனால் ஆபரேட்டர் ரூமில் இருக்கும் கருவிக்குத் தேவை. அங்கே பேட்டரி இல்லையென்றால் உங்கள் வீட்டில் வைப்பது வீண். "அண்ணா, உங்க பக்கம் பேக்கப் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேபிள்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு

பரணில் கிடக்கும் சொந்த ரவுட்டர் என்றால் தாராளமாகத் திறக்கலாம், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பொருள் இல்லை. போர்டில் வரிசையாக நான்கு சிறு துளைகள் தெரிந்தால் அது பெரும்பாலும் சீரியல் போர்ட். அங்கே 3.3 வோல்ட் மட்டும்தான். 5 வோல்ட் அடாப்டரைப் பிடித்தால் சிப் போய்விடும். அந்த வழியாக, பெட்டி எழுந்திருக்கும்போது தனக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் திரையில் படிக்கலாம்.

4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் கொண்ட பழைய பெட்டிகளுக்கு இப்போதைய ஓப்பன்டபிள்யூஆர்டி இடம் பற்றாது. அதனால் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பைக் கழற்றி 16 எம்பி சிப்பைச் சால்டர் செய்கிறார்கள். கழற்றுமுன் பழைய சிப்பில் இருப்பதை முழுக்கப் படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியின் ரேடியோவுக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய திருத்த அளவுகள் அந்தச் சிப்பின் ஒரு மூலையில் இருக்கும். அது போனால் பெட்டி எழும், வைஃபை எழாது. அதே மாடல் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாலும் முழுதாகப் பொருந்தாது.

செட் டாப் பாக்ஸ் மாதிரி, சுவர் பிளக்கிலிருந்து நேராக 230 வோல்ட் உள்ளே போகும் பெட்டிகளைப் பழகாதவர்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்குச் சேமிப்பு நிற்கும். ஃபைபர் முனையைக் கழற்றினால் அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தப் பெட்டியைத் திறப்பது குற்றம் இல்லை. வாரண்டி போகலாம், அவ்வளவே. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளமே தொடங்கியது. சாஃப்ட்வேர் பூட்டை உடைப்பது பற்றிப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு பேசுகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அது குற்றமாகிறது. கட்டண சேனலை இலவசமாகப் பார்க்க உடைப்பதும், சொந்த ரவுட்டரில் லினக்ஸ் போடுவதும் ஒன்றல்ல.

ஆன்டெனாவை மாற்றுவோர் கணக்குப் போட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்து 4 வாட், அதாவது 36 டிபிஎம் வரைதான் அனுமதி. வீட்டு ரவுட்டர் 100 மில்லிவாட் என்றால் 20 டிபிஎம். அதோடு 16 டிபி ஆன்டெனா சேர்த்தால் சரியாக எல்லையைத் தொடும். 24 டிபி தட்டு ஆன்டெனாவை மாட்டினால் 44. அது 25 வாட்டுக்குச் சமம், எல்லையைவிட ஆறு மடங்கு.

சிம் போடும் 4ஜி டாங்கிள், ஹாட்ஸ்பாட் பெட்டிகளில் "ஐஎம்இஐ மாத்தித் தர்றேன், எந்த பிளானும் ஓடும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அந்த அடையாள எண்ணைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இணைப்போடு சேர்த்து ஆபரேட்டர் கொடுத்த ஃபைபர் பெட்டியின் கதை வேறு. டெபாசிட், வாடகை, இலவசம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் பில்லையும் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தால் அது உங்கள் கையில் இருக்கும் இன்னொருவர் பொருள். அதன் சீரியல் எண்ணை வைத்துத்தான் ஆபரேட்டரின் கருவி உங்கள் வீட்டை அடையாளம் காண்கிறது. அதனால் வேறு பெட்டியை வாங்கி மாட்டினாலும் அவர் பதிவு செய்யாமல் இணைப்பு வராது. அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கேபிள் எடுத்து உங்கள் சொந்த ரவுட்டரில் செருகுங்கள். அதற்குப் பிறகு அந்த ரவுட்டரை என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்; அது எரிந்தாலும் இணைப்பு இருக்கும், டெபாசிட்டும் இருக்கும்.